கார் நேவிகேஷனில் தப்பான முகவரி, இல்லாத சாலை: பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் முழு வழிகாட்டி

"அண்ணே, மேப்பு தப்பு. சுவர்கிட்ட கொண்டு வந்து நிறுத்திடுச்சு." டிராவல்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த போன் பழக்கமானது. புதிதாக வரும் டிரைவர்கள் பலரும் இதற்கு ஒரே வேலைதான் செய்கிறார்கள்: ஆப்பைத் திறந்து, "தவறான வழி" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, திருத்துவார்கள் என்று காத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியை வைத்து யாராலும் எதையும் திருத்த முடியாது. தப்பு முகவரியிலா, சாலையிலா, போனின் ஜிபிஎஸ்ஸிலா என்று அதில் இருக்காது. பாதிப் பேர் புகாரை அனுப்புவதே வேறொரு நிறுவனத்துக்கு.

கீழே உள்ள வரிசையில் வேலை செய்தால் பெரும்பாலான பிழைகளைச் சரி செய்துவிடலாம். நடுவில் ஒரு படியை விட்டால் அடுத்த படிக்குத் தேவையானது கையில் இருக்காது. மெனுக்களின் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும். வரிசை மாறாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இணையம் உள்ள போன், கூகுள் கணக்கு, காரின் உரிமையாளர் கையேடு (உள்ளமைந்த நேவிகேஷன் இருந்தால்), குறித்து வைக்க ஒரு நோட்டு அல்லது போனில் ஒரு குறிப்பு. இவற்றோடு, அந்த இடத்துக்கு நேரில் போனவர் ஒருவர். நீங்களே போயிருந்தால் நல்லது. வீட்டில் உட்கார்ந்து சாட்டிலைட் படத்தை மட்டும் பார்த்துத் திருத்துவதுதான் புதுப் பிழைகளை உண்டாக்குகிறது.

1. ஓடும்போது திருத்தாதீர்கள், முதலில் போய்ச் சேருங்கள்

வழி சந்தேகமாக இருந்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் கேளுங்கள். திரையில் சாலை இருக்கிறது என்பதால் தரையிலும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்தில் ஏறிய கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். வரைபடத்தில் அந்தப் பாலம் திறந்தே இருந்தது. அதே ஆண்டு ஜனவரியில் நம் நீலகிரி கூடலூரில் ஒரு கார் வழிகாட்டலை நம்பிப் போய்ப் படிக்கட்டில் மாட்டிக்கொண்டது.

இறங்கியதும் ஒரே ஒரு காரியம் செய்துவிடுங்கள்: பிழை தெரிந்த இடத்தில் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். காரின் திரை என்றால் வண்டியை நிறுத்திய பிறகு போனில் படம் எடுங்கள். இரவு வீட்டுக்குப் போய் யோசித்தால் எந்தத் திருப்பத்தில் நடந்தது என்பது நினைவிருக்காது.

2. தப்பு எதில் என்று பிரித்துப் பாருங்கள்

மூன்று கேள்விகள். இதே வரிசையில் கேளுங்கள், ஏனென்றால் முதல் கேள்விக்கே "ஆம்" வந்துவிட்டால் வரைபடத்தில் குறையே இல்லை.

முதல் கேள்வி: நீங்கள் நிற்கும் இடம் திரையில் தப்பாகத் தெரிகிறதா? அம்புக்குறி பக்கத்துத் தெருவில் நின்றாலோ, நீல வட்டம் பெரிதாக விரிந்திருந்தாலோ அது சிக்னல் குறை. வெட்டவெளியில் ஓரிரு நிமிடம் நின்று பாருங்கள். போனில் அந்த ஆப்புக்கு "துல்லியமான இருப்பிடம்" என்ற அனுமதி அணைந்திருந்தால் இடம் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிக் காட்டும். இதை மறந்துவிட்டு வரைபடத்தைத் திட்டுபவர்கள் நிறையப் பேர். மேம்பாலம் இன்னொரு தொல்லை. கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10 கி.மீ. நீளத்துக்குச் சாலைக்கு மேலேயே சாலை ஓடுகிறது. நீங்கள் மேலே போகிறீர்களா கீழே போகிறீர்களா என்பதை ஜிபிஎஸ் சரியாகப் பிரித்துச் சொல்லாது. அங்கே "இடது பக்கம் திரும்பவும்" என்று தப்பாகச் சொன்னால் அதைப் புகார் செய்து பயனில்லை.

இரண்டாவது கேள்வி: சேருமிடத்துப் புள்ளி தப்பான இடத்தில் இருக்கிறதா? சாட்டிலைட் பார்வைக்கு மாற்றி, நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளி வேறு தெருவில், வேறு ஊரில், அல்லது கட்டடத்தின் பின்பக்கத்தில் இருந்தால் அது முகவரிப் பிழை. படி 4, 5 உங்களுக்கானவை.

மூன்றாவது: இரண்டும் சரியாக இருந்தும் வழி தப்பாக வருகிறதா? அப்படியானால் உடனே சாலையைக் குறை சொல்லாமல் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். டூவீலர் மோட் போட்டிருந்தால் சந்து சந்தாகத்தான் அழைத்துப் போகும். வீட்டில் யாராவது உங்கள் போனை வாங்கி பைக்குக்கு வழி பார்த்திருப்பார்கள். "டோல் தவிர்", "நெடுஞ்சாலை தவிர்", "எரிபொருள் சிக்கனம்" எல்லாவற்றையும் அணைத்து, கார் மோடில் அதே வழியை மறுபடி கேளுங்கள். அப்போதும் தப்பாக வந்தால்தான் அது சாலைப் பிழை.

3. அந்த வரைபடம் யாருடையது?

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். காரின் திரையில் தெரிவதால் அது கார் கம்பெனியின் வரைபடம் என்று நினைத்து ஷோரூமுக்குப் போகிறார்கள். போனில் உள்ளதைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்ப்ளே வழியாக ஓடினால் அது உங்கள் போனில் உள்ள ஆப்பின் வரைபடம். காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போன் கேபிளைக் கழற்றிப் பாருங்கள்; கேபிள் இல்லாமல் இணைத்திருந்தால் அந்த இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள். வரைபடமும் கூடவே போய்விட்டால் அது போனுடையது.

கழற்றியும் வரைபடம் திரையில் அப்படியே இருந்தால் அது காரில் உள்ளமைந்தது. செட்டிங்ஸில் "சிஸ்டம் தகவல்" அல்லது "அபவுட்" பகுதியில் வரைபடத்தின் பதிப்பும் வழங்குநர் பெயரும் இருக்கும். சில திரைகளில் வரைபடத்தின் கீழ் மூலையில் சின்ன எழுத்தில் காப்புரிமை வரி ஓடும். இந்தியாவில் விற்கும் பல கார்களில் மேப்மைஇந்தியாவின் தரவு இருக்கிறது. அந்த நிறுவனத்தின் ஆப் மேப்பிள்ஸ். வேறு சில கார்களில் ஹியர் அல்லது டாம்டாம் நிறுவனத்தின் தரவு இருக்கும். ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற இணையமில்லாமல் ஓடும் ஆப்கள், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் ஓடுகின்றன.

பதிப்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தின் வரைபடத்தில் செய்த திருத்தம் இன்னொன்றுக்குப் போகாது. கூகுளில் சரி செய்துவிட்டு, காரின் உள்ளமைந்த திரையில் ஏன் மாறவில்லை என்று கேட்பவர்கள் இந்தப் படியைத் தாண்டி வந்தவர்கள்.

4. முகவரியை இயந்திரத்துக்குப் புரியும்படி தேடுங்கள்

வரைபடத்தில் இருக்கிற முகவரியே தேடும் விதத்தால் கிடைக்காமல் போவதுண்டு. கல்யாணப் பத்திரிகையில் உள்ளதை அப்படியே தட்டச்சு செய்தால் எங்கோ போய் நிற்கும்.

"எதிரில்", "அருகில்", "பின்புறம்", "பஸ் ஸ்டாப்" இவற்றையெல்லாம் எடுத்துவிடுங்கள். அவை மனிதருக்கானவை. தேடுபொறி அந்த அடையாளத்தையே சேருமிடமாக எடுத்துக்கொள்ளும். வங்கிக்கு எதிர் வீட்டைத் தேடினால் வங்கியின் இன்னொரு கிளையில் போய் நிற்பீர்கள்.

அடுத்து கதவு எண். சென்னையில் பல தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. "27/14" என்று எழுதியிருந்தால் எது புதியது என்று எழுதியவருக்குத்தான் தெரியும். வீடு வாரியாகத் தரவு இல்லாத தெருக்களில் சில வரைபடங்கள் தெருவின் இரு முனை எண்களை வைத்து நடுவில் உள்ளதைக் கணக்குப் போட்டுக் காட்டும். நம் தெருக்களில் எண்கள் அப்படி ஒழுங்காக ஓடுவதில்லை. அதனால் முதலில் கதவு எண் இல்லாமல் தெருவை மட்டும் தேடுங்கள். தெரு சரி என்று உறுதியான பிறகு எண்ணைச் சேர்த்துப் பாருங்கள்.

தெருப் பெயரும் தனியாகப் போதாது. பிள்ளையார் கோயில் தெரு, காந்தி நகர், முதல் குறுக்குத் தெரு இல்லாத ஊர் தமிழ்நாட்டில் ஏது? அண்ணா நகர் சென்னையிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. தெரு, நகர், ஊர், பின்கோடு என்ற வரிசையில் கொடுங்கள். பின்கோடு மட்டும் கொடுப்பது வீண். அது ஒரு அஞ்சலகத்தின் முழு எல்லையையும் குறிப்பது, கிராமப்புறத்தில் ஒரே பின்கோட்டில் பல ஊர்கள் வரும்.

ஆங்கிலத்தில் தேடி வராவிட்டால் தமிழில் தேடுங்கள். 'ழ' உள்ள ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். திருச்சி, தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கு இரண்டு பெயரும் புழக்கத்தில் இருக்கின்றன. நெடுஞ்சாலை எண்ணில் பெரியவர்கள் சொல்வதையும் ஒருமுறை சரிபாருங்கள். "என்எச் 7-ல வாங்க" என்பார்கள். சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி போகும் அந்தச் சாலை இப்போது 44. சேலத்திலிருந்து கோவை வழியாகக் கொச்சி போகும் பழைய 47 இப்போது 544.

5. சரியான புள்ளியை எண்களாக எடுங்கள்

முகவரி கைகொடுக்காத இடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் கைகொடுக்கும். அந்த இடத்தின் வாசலில் நின்று, வரைபடத்தில் அதே இடத்தை அழுத்திப் பிடித்தால் ஒரு புள்ளி விழும். அதன் விவரத்தில் இரண்டு எண்கள் இருக்கும். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு 10.7828, 79.1318 என்பது போல.

முதலில் அட்சரேகை, அப்புறம் தீர்க்கரேகை. தமிழ்நாட்டுக்குள் முதல் எண் 8-க்கும் 14-க்கும் நடுவிலும், இரண்டாவது எண் 76-க்கும் 81-க்கும் நடுவிலும்தான் இருக்க முடியும். மாற்றிப் போட்டுவிட்டால் பெரிய கோயில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் போய்விடும். அப்படிப் போனால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும்.

தெரியாமல் ஏமாற்றுவது இன்னொரு தப்பு. சில கார்களின் திரையில் பாகை, கலை, விகலை என்று மூன்றாகப் பிரித்துக் கேட்பார்கள். 10.7828 என்பது 10 பாகை, 46 கலை, 58 விகலை. தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60-ஆல் பெருக்கினால் கலை. அதில் மிஞ்சும் தசமத்தை மறுபடி 60-ஆல் பெருக்கினால் விகலை. இதைச் செய்யாமல் 10.4658 என்று தசமமாகவே அடித்துவிட்டால் சுமார் 35 கி.மீ. தெற்கே தள்ளிப் போகும். அதுவும் தமிழ்நாட்டுக்குள்தான் என்பதால் சந்தேகமே வராது.

எத்தனை இலக்கம் வேண்டும்? தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் கொடுத்தால் சுமார் 11 மீட்டருக்குள் வரும், ஐந்து கொடுத்தால் ஒரு மீட்டர் அளவுக்கு. மூன்றோடு நிறுத்தினால் நூறு மீட்டர் தள்ளலாம்; நகரத்தில் அது மூன்றாவது தெரு.

எண்களுக்குப் பதில் குறியீடுகளும் உண்டு. கூகுளின் பிளஸ் கோட் சுமார் 14 மீட்டர் சதுரத்தைக் காட்டும். சுருக்கிய பிளஸ் கோடுடன் ஊர்ப் பெயரையும் சேர்த்தே அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாங்குபவரின் ஊரில் போய்த் தேடும். அஞ்சல் துறை 2025-ல் கொண்டுவந்த டிஜிபின் 10 எழுத்து நீளம், சுமார் 4 மீட்டர் சதுரம். மேப்பிள்ஸ் பின் 6 எழுத்து. இதையும் 6 இலக்கப் பின்கோட்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. என் சிபாரிசு: யாருக்கு அனுப்பினாலும் தசம எண்களை அனுப்புங்கள், ஏறக்குறைய எல்லா ஆப்பும் அதை ஏற்கும்.

6. ஆதாரம் சேர்த்து வையுங்கள்

திருத்தத்தைச் சரிபார்ப்பவர் உங்கள் ஊரைப் பார்த்ததில்லை. சில நேரம் அது மனிதரே இல்லை, மென்பொருள். அதனால் பார்த்ததும் நம்பும்படி இருக்க வேண்டும்.

தெருப் பெயர்ப் பலகையின் படம் ஒன்று, வாசல் படம் ஒன்று, சாலைத் தடை அல்லது ஒருவழிப் பலகை இருந்தால் அதன் படம் ஒன்று. பலகை மட்டும் குளோசப்பில் இருந்தால் போதாது. சுற்றியுள்ள கடையோ கோயிலோ தெரியும்படி தள்ளி நின்றும் ஒன்று எடுங்கள், எந்த முனை என்று அப்போதுதான் தெரியும். ஆட்கள் முகமும் வண்டி எண்ணும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராணுவ வளாகம், "புகைப்படம் எடுக்கக் கூடாது" பலகை உள்ள இடங்களில் கேமராவையே எடுக்காதீர்கள்.

7. கூகுள் மேப்ஸில் திருத்தம் அனுப்புவது

ஒரு திருத்தத்தில் ஒரே ஒரு மாற்றம். பெயர், புள்ளி, போன் எண், நேரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றி அனுப்பினால், அதில் ஒன்றைச் சரிபார்க்க முடியாவிட்டாலும் மற்றவையும் சேர்ந்து தொங்கும்.

*புள்ளி தப்பாக இருந்தால்:* அந்த இடத்தின் பக்கத்தைத் திறந்து "சஜஸ்ட் அன் எடிட்" வழியாக இடத்தை மாற்றும் பகுதிக்குப் போங்கள். சாட்டிலைட் பார்வையில் பெரிதாக்கி, கட்டடத்தின் மேல் புள்ளியை வையுங்கள்.

*பெரிய வளாகம் என்றால்* இன்னும் கவனம் வேண்டும். வழிகாட்டி பொதுவாகப் புள்ளிக்கு மிக அருகில் உள்ள சாலை வரைக்கும் அழைத்துப் போகும். கல்யாண மண்டபத்தின் புள்ளி கூரையின் நடுவில் இருக்கிறது என்று வையுங்கள். முன்பக்கம் வண்டி நிறுத்தும் மைதானம், அதைத் தாண்டித்தான் மெயின் ரோடு. பின்பக்கமோ சமையல்கட்டுச் சுவரை ஒட்டியே ஒரு தெரு. தூரம் குறைவு என்பதால் மொத்தக் கல்யாணக் கூட்டமும் சமையல்கட்டுச் சுவரில் போய் நிற்கும். ஆரம்பத்தில் வந்த போன் இந்த ரகம். இங்கே புள்ளியை வாசல் பக்கமாக, வளாகத்துக்கு உள்ளேயே இருக்கும்படி நகர்த்துங்கள். சாலையின் மேலேயே வைத்தால் நிராகரிக்கப்படலாம். நுழைவாயிலைத் தனி இடமாகச் சேர்ப்பது மருத்துவமனை, கல்லூரி போன்ற பல வாசல் உள்ள இடங்களுக்கு மட்டும் பொருந்தும்.

*சொந்தக் கடை என்றால்* பொதுமக்கள் போலத் திருத்தம் அனுப்பாமல், கடையின் பிசினஸ் ப்ரொஃபைலை (கூகுளில் உரிமையாளர் நிர்வகிக்கும் கடைப் பக்கம்) உரிமை கோரி, சரிபார்ப்பை முடித்து, அதில் மாற்றுங்கள். ஒரே கடை இரண்டு இடத்தில் தெரிந்தால் தப்பானதை "டூப்ளிகேட்" என்று குறியுங்கள். "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று போட்டுவிடாதீர்கள். கடையே மூடிவிட்டதாக வாடிக்கையாளர்கள் நினைப்பார்கள்.

*சொந்த வீடு என்றால்* "ஆட் எ பிளேஸ்" போய் "இன்னார் இல்லம்" என்று சேர்க்காதீர்கள். தனியார் வீடுகளை இடமாகச் சேர்க்க அனுமதி கிடையாது. முகவரி இல்லாமல் இருந்தால் விடுபட்ட முகவரியைச் சேர்க்கும் வழி தனியாக இருக்கிறது. உங்கள் வசதிக்கு மட்டும் என்றால் லேபிள் போட்டுச் சேமித்துக்கொண்டால் போதும்.

*சாலைப் பிழை என்றால்* கணினியில் செய்யுங்கள், போனின் சின்னத் திரையில் கோடு வரைவது கஷ்டம். "எடிட் தி மேப்" போய், "ஆட் ஆர் ஃபிக்ஸ் எ ரோட்" தேர்வு செய்து, தப்பான சாலைத் துண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். பெயர், ஒருவழி, மூடல், தனியார் சாலை, சாலையே இல்லை என்று தனித்தனி வகைகள் இருக்கும். வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே முக்கால்வாசி வேலை.

ஒரு உதாரணம். திருச்சியில் உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டி ஒரு புது நகர். மெயின் ரோடு அக்கரையில். நடுவில் ஒரு குறுகிய பாலம். பைக் போகும், கார் போகாது, நுழைவில் கல் நட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் அது சாதாரணச் சாலை. எனவே எல்லாக் காரும் அந்தக் கல் வரை வந்து பின்னோக்கிப் போகும். புதியவர்கள் இதை "சாலை இல்லை" என்று அனுப்புவார்கள். சாட்டிலைட் படத்தில் பாலம் பளிச்சென்று தெரியும், ஆகவே நிராகரிப்பு. "சாலை மூடப்பட்டது" என்றும் அனுப்புவார்கள். பைக்குகள் தினமும் ஓடுகிற பாலம் மூடியிருப்பதாக எப்படி ஒப்புக்கொள்ளும்? அனுப்ப வேண்டியது இப்படி: பாலத்துத் துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, "இந்தப் பாலத்தில் நான்கு சக்கர வாகனம் போக முடியாது, நுழைவில் கல் நடப்பட்டுள்ளது, இரு சக்கர வாகனம் மட்டும் போகும்; கார் போக வேண்டிய பாலம் மேற்கே இருக்கிறது" என்று எழுதி, கல் தெரியும் படத்தை இணையுங்கள். எது முடியாது என்பதோடு எது சரியான வழி என்பதையும் சொன்ன புகாருக்கு மதிப்பு அதிகம்.

இன்னொரு குழப்பம். வண்டி ஓட்டும்போது திரையில் வரும் "ரோடு குளோஸ்டு", "கன்ஸ்ட்ரக்‌ஷன்" பொத்தான்கள் அப்போதைய நிலவரத்துக்கானவை. கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். அதை அழுத்திவிட்டு வரைபடம் திருந்திவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். நிரந்தர மாற்றத்துக்கு மேலே சொன்ன வழிதான். திருவிழாவுக்காகவோ மழைநீர் வடிகால் வேலைக்காகவோ சில நாள் மூடியிருந்தால், மூடல் வகையில் தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டையும் கொடுங்கள்.

8. மற்ற வரைபடங்கள்

மேப்மைஇந்தியா தரவு உள்ள கார் என்றால் போனில் மேப்பிள்ஸ் ஆப்பைப் போட்டு அதே இடத்தைத் தேடுங்கள். ஆப்பில் ஏற்கெனவே சரியாக இருந்தால் காரில் உள்ளது பழைய பதிப்பு. புகார் தேவையில்லை, படி 11-க்குப் போங்கள். ஆப்பிலும் தப்பாக இருந்தால் அதிலுள்ள ரிப்போர்ட் வழியாக அனுப்புங்கள். ஹியர், டாம்டாம் இரண்டிலும் இணையதளம் வழியாகப் பிழை தெரிவிக்கலாம். ஆப்பிள் மேப்ஸில் இடத்தின் பக்கத்திலேயே "ரிப்போர்ட் அன் இஷ்யூ" இருக்கிறது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மட்டும் வேறு மாதிரி. நீங்கள் சேமித்த திருத்தம் உடனே தரவில் ஏறிவிடும், ஒப்புதல் கிடையாது. அதனாலேயே பொறுப்பும் உங்களுடையது. எடிட் செய்யத் தயக்கமாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு குறிப்பு மட்டும் போட்டுவிட்டு வாருங்கள், பழகியவர் யாராவது திருத்துவார். கூகுளைப் பார்த்துத் தெருப் பெயரை இங்கே எழுதக் கூடாது; உரிமப் பிரச்சினை. நேரில் பார்த்த பலகைதான் ஆதாரம். வாய்க்கால் பாலம் போன்றவற்றை இதில் "மோட்டார் கார் போகாது, மோட்டார் சைக்கிள் போகும்" என்று தனித்தனியாகக் குறிக்க முடியும் என்பது பெரிய வசதி.

9. திருந்தும் வரை எப்படி ஓட்டுவது

திருத்தம் ஒரு நாளிலும் வரலாம், மாதக் கணக்கிலும் இழுக்கலாம். அதுவரைக்கும் சேருமிடத்தை வாசலுக்கு நேரே சாலையில் விழுந்த புள்ளியாகக் கொடுங்கள். வழி தப்பான பக்கம் போனால் நடுவில் ஒரு நிறுத்தத்தைச் சேர்த்து, சரியான பாலம் அல்லது சந்திப்பு வழியாக இழுங்கள். நிறுத்தத்தைச் சாலையின் சரியான பக்கத்தில் வையுங்கள். நடுவில் தடுப்புச்சுவர் உள்ள சாலையில் எதிர்ப்பக்கம் வைத்துவிட்டால் அடுத்த யூ டர்ன் வரை ஓட்டிவிட்டுத் திரும்பச் சொல்லும்.

விருந்தினர் நிறைய வருகிறார்கள் என்றால் பத்திரிகையில் உள்ள முகவரியை நம்பாமல், நீங்களே ஒருமுறை காரில் ஓட்டிப் பார்த்த புள்ளியை வாட்ஸாப்பில் அனுப்புங்கள். "தற்போதைய இருப்பிடம்" அனுப்புவதாக இருந்தால் வாசலில் நின்று அனுப்புங்கள். வீட்டு ஹாலில் உட்கார்ந்து அனுப்பினால் ஜிபிஎஸ் பக்கத்து வீட்டைக் காட்டும்.

10. நிராகரித்துவிட்டால்

கூகுளில் உங்கள் கான்ட்ரிப்யூஷன் பகுதியில் ஒவ்வொரு திருத்தத்தின் நிலையும் தெரியும். நிராகரிக்கப்பட்டதை அப்படியே மறுபடி அனுப்புவதால் பயனில்லை. வகை தப்பா, படம் இல்லையா, புள்ளி சாலை மேல் விழுந்ததா என்று பாருங்கள். அடுத்தபடியாக மாற்றத்தைச் சின்னதாக்குங்கள். ஒரு முழுத் தெருவின் பெயரை மாற்ற முடியாவிட்டால், அந்தத் தெருவில் உள்ள கடைகளின் முகவரியில் தெருப் பெயரைத் திருத்த அந்தக் கடைக்காரர்களையே கேளுங்கள். அவர்கள் சொல்லுக்கு எடை கூடுதல், தெருப் பெயர் திருத்தத்துக்கும் அது துணை நிற்கும்.

தெருவின் அதிகாரப்பூர்வப் பெயரே சர்ச்சை என்றால் வரைபட நிறுவனத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை. மாநகராட்சியோ ஊராட்சியோ பலகை வைத்த பிறகு பலகையின் படத்தோடு வாருங்கள்.

11. காரில் அப்டேட், சேமித்த இடங்கள்

உள்ளமைந்த நேவிகேஷனுக்கு அப்டேட் செய்யும் முன் படி 3-ல் எழுதிய பதிப்பு எண்ணை, கிடைக்கும் புதிய பதிப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றே என்றால் அந்த வேலையே வேண்டாம். கையேட்டில் சொன்ன வடிவத்தில்தான் யுஎஸ்பியை ஃபார்மேட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கார் அதைக் கண்டுகொள்ளாது. எஸ்டி கார்டில் ஓடும் வண்டிகளில் பல கார்டுகள் அந்தச் சாதனத்தோடு பூட்டப்பட்டவை, நண்பரின் கார்டை நகலெடுத்துப் போட்டால் ஓடாது.

அப்டேட் நேரம் பிடிக்கும். பேட்டரி இறங்காமல் இருக்க இன்ஜினை ஓடவிட வேண்டியிருந்தால் திறந்த வெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் வேண்டாம். முடியும் வரை யுஎஸ்பியைத் தொடாதீர்கள். தொடங்கும் முன் சேமித்த இடங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சில சாதனங்களில் அவை அழிந்துவிடும்.

போனில் ஆஃப்லைன் வரைபடம் இறக்கி வைத்திருந்தால் அதையும் புதுப்பியுங்கள். சிக்னல் இல்லாத மலைப்பாதையில் ஆப் பழைய பிரதியைத்தான் பார்க்கும்.

கடைசியாக, எல்லாம் திருந்திய பிறகும் கார் பழைய இடத்துக்கே போகிறது என்றால் "வீடு", "அலுவலகம்", பிடித்தவை பட்டியலைத் திறந்து பாருங்கள். சேமித்தபோது இருந்த புள்ளி அதில் எண்களாகவே உட்கார்ந்திருக்கும், வரைபடம் மாறினாலும் அது மாறாது. பழையதை அழித்து, திருந்திய இடத்தைப் புதிதாகத் தேடி மறுபடி சேமியுங்கள். வீட்டில் எத்தனை பேர் போனில் அந்த இடம் சேமித்திருக்கிறதோ அத்தனையிலும்.